செடியாவுக்கு ஷாக் மாற்றிய பட்டறை: புதுச்சேரி, மேட்டுப்பாளையம்

கிருமாம்பாக்கம் தாண்டி ஒரு வேகத்தடை இருக்கிறது. 2025 பிப்ரவரி வரை அதில் ஏறி இறங்கினால் என் வண்டியின் மூக்கு மூன்று முறை தலையாட்டும். மூன்றாவது ஆட்டம் அடங்குவதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும். இப்போது ஒரே முறை எழுந்து, உட்கார்ந்து, அதோடு அடங்கிவிடுகிறது. ஷாக் அப்சார்பர் நான்கையும் மாற்றிய இந்த வேலைக்கு எனக்கு மொத்தம் 40,480 ரூபாய் ஆனது. வேலை முடிந்து 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டேன். பழைய ஜப்பான் வண்டியை வைத்துக்கொண்டு கடலூர், புதுச்சேரி பக்கம் நல்ல கை தேடுகிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

வண்டி 2008 மாடல் மிட்சுபிஷி லான்சர் செடியா. 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 115 குதிரைத்திறன். திருவள்ளூர் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் பூட்டித் தயாரானது, அதாவது நம்ம ஊரில் பிறந்தது. இரண்டு கதவும் தாழ்ந்த கூரையும் இருந்தால்தான் ஸ்போர்ட்ஸ் கார் என்பவர்களோடு நான் வாதம் செய்வதில்லை. இந்திய ராலி கார் பந்தயங்களில் எம்.ஆர்.எஃப். அணி பல வருஷம் மண்ணிலும் கல்லிலும் ஓட்டியது இந்த செடியாவைத்தான். முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (சுருள்வில்லும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்னால் மல்டி லிங்க் (ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பல கம்பிகள் பிடிக்கும் அமைப்பு). இந்தப் பின்பக்க அமைப்புக்காகவே 2014-ல் இதைப் பழைய வண்டியாகச் சென்னையில் தேடி வாங்கினேன். வளைவில் பின்சக்கரம் இரண்டும் தனித்தனியாகத் தரையைப் பிடித்துக்கொண்டு வரும். அந்தச் சுகத்தை அனுபவித்தவர்களுக்கு வேறு வண்டி ருசிக்காது.

நான் அரியாங்குப்பத்தில் இருக்கிறேன். கடலூரில் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், முள்ளோடை, தென்பெண்ணைப் பாலம், மஞ்சக்குப்பம் என்று வாரத்தில் ஐந்து நாள், சில சமயம் ஆறு நாள் அதே பாதை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததும், அடுத்த இரண்டு மூன்று நாளில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததும் நினைவிருக்கும். தண்ணீர் வடிந்த பிறகு ரோட்டில் எங்கே தார், எங்கே பள்ளம் என்று தெரியவில்லை. என் வண்டியின் ஷாக் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. அந்த டிசம்பர் மாதம் அதை முடித்துவைத்தது.

ஷாக் அப்சார்பர் என்ன வேலை செய்கிறது என்பதில் நிறையப் பேருக்குக் குழப்பம் இருக்கிறது. அதனால்தான் கடையில் ஏமாறுகிறோம். வண்டியின் எடையைத் தாங்குவது ஷாக் இல்லை, சுருள்வில். ஷாக்கின் வேலை அந்த வில் ஆடுவதை அடக்குவது. பிளஸ் ஒன் புத்தகத்தில் தடையுறு அலைவு என்று ஒரு பாடம் வருகிறதே, அதுதான் இது. வில்லில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு இழுத்துவிட்டால் காற்றில் வெகு நேரம் ஆடும். அதே குண்டைத் தண்ணீருக்குள் ஆடவிட்டால் சீக்கிரம் நின்றுவிடும். ஷாக்கின் உள்ளே ஒரு பிஸ்டன், அதில் சின்னச் சின்னத் துவாரங்களும் வால்வுத் தகடுகளும், சுற்றிலும் எண்ணெய். சக்கரம் ஏறி இறங்கும்போது எண்ணெய் அந்தத் துவாரங்கள் வழியாகப் பிதுங்கிப் போக வேண்டும். ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளியே போகிறது. மோசமான ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு ஷாக்கைத் தொட்டால் சுடும். சுட்டால் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஷாக் ஒரே நாளில் போவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும், ஓட்டுகிறவரும் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குப் பழகிவிடுவார். எனக்கும் அப்படித்தான் ஆனது. பிரேக் பிடித்தால் மூக்கு தரையை நோக்கிக் குத்தியது, பழைய வண்டி என்று நினைத்துக்கொண்டேன். ஈ.சி.ஆர். வளைவுகளில் உடல் பக்கவாட்டில் அலைந்தது, வேகத்தைக் குறைத்தேன். கடைசியில் டயர்தான் காட்டிக்கொடுத்தது. முன் டயர்களின் ஓரத்தைக் கையால் தடவினால் மேடும் குழியுமாக, இட்லித் தட்டு மாதிரி இருந்தது. சக்கரம் தரையை விட்டு விட்டுத் துள்ளிக்கொண்டு ஓடினால்தான் டயர் இப்படித் தேயும். அதற்கு மேல் என்னால் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

இதற்கு முன்னால் நடந்த ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2023-ல் முன் ஷாக்கில் எண்ணெய் கசிந்தது. புதுச்சேரியிலேயே ஒரு பெரிய கடையில் விட்டேன். பெயர் வேண்டாம். "சார் வரலையா?" என்று கேட்டார்கள். வண்டி என்னுடையது, ஓட்டுவதும் நான்தான் என்றேன். புதிய ஷாக் கிடைக்காது, ரீகண்டிஷன் பண்ணித் தருகிறோம், புதுசு மாதிரியே இருக்கும் என்றார்கள். 7,000 ரூபாய் கொடுத்தேன். ஐந்தாம் மாதம் மறுபடியும் கசிந்தது. பழைய ஷாக்கில் ஓட்டை போட்டு, ஏதோ ஓர் எண்ணெயை ஊற்றி, வெல்டு வைத்து அடைத்து, மேலே கருப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். இது எனக்கு அப்போது தெரியாது. மேட்டுப்பாளையம் மேஸ்திரி கழற்றிக் காட்டியபோதுதான் தெரிந்தது.

அந்த மேஸ்திரியின் பட்டறையைப் பற்றித்தான் இந்த விமர்சனம். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் இருக்கிறது. பெயர்ப் பலகை இல்லை. தகரக் கொட்டகை, வேப்ப மரம், ஒரு லிஃப்ட், ஒரு குழி. மேஸ்திரிக்கு அறுபதை ஒட்டிய வயது. சென்னையில் பல வருஷம் ராலி வண்டிகளில் கை வைத்தவர். உதவிக்கு இரண்டு பையன்கள். என்னோடு வேலை பார்க்கும் கணக்கு ஆசிரியர் தன் பழைய ஹோண்டாவை அங்கேதான் விடுவார். அவர் சொல்லித்தான் போனேன்.

முதல் நாள் அவர் எடுத்ததும் வண்டியைக் கழற்றவில்லை. "டீச்சர், நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்து வரேன்" என்றார். வில்லியனூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போய் வந்தோம். ரேடியோவை நிறுத்தச் சொன்னார், கண்ணாடியை இறக்கச் சொன்னார். ஒரு பள்ளத்தில் இறங்கும்போது முன்னால் இடது பக்கம் "டொக்" என்றது. திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கி விடுபடுகிற மாதிரி "டங்" என்று ஒரு சத்தம். "முதல் சத்தம் ஷாக் அடியில போய் இடிக்கிறது. ரெண்டாவது, மேல பேரிங் சுத்தல. ஷாக் மட்டும் வாங்கிட்டு வந்தீங்கன்னா நான் மாட்ட மாட்டேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

பிறகு லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்து ஒவ்வொன்றாகக் காட்டினார். என்னென்ன வாங்க வேண்டும் என்று என் நோட்டிலேயே எழுதிக் கொடுத்தார். முன் ஸ்ட்ரட் இடது ஒன்று, வலது ஒன்று. பின் ஷாக் இரண்டு. முன்னால் டாப் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் தலையை வண்டியின் உடலோடு பிடிக்கும் தாங்கி), பேரிங். நான்கு பக்கத்துக்கும் பம்ப் ஸ்டாப்பும் (இடியைத் தாங்கும் ரப்பர்) டஸ்ட் கவரும் (தூசி உறை). ஸ்டெபிலைசர் லிங்க் ராடு (வளைவில் உடல் சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு). லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க் கையின் ரப்பர்) இன்னும் இரண்டு வருஷம் வரும், வேண்டாம் என்று அடித்தார். ஸ்பிரிங்கும் வேண்டாம், முறிவு இல்லை, உட்காரவும் இல்லை, அடிச் சுருளில் துரு இருக்கிறது, சுரண்டிப் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம் என்றார். வேண்டியதைச் சொல்லும் மெக்கானிக் நிறையப் பேர் உண்டு. வேண்டாததை அடிக்கிறவர் அபூர்வம்.

ஷாக் எந்தக் கம்பெனி என்று கேட்டேன். கே.ஒய்.பி. எக்செல் ஜி என்றார். ஜப்பானின் கயாபா கம்பெனி. இரட்டைக் குழாய் அமைப்பு, எண்ணெயோடு குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் வாயு. வாயு எதற்கு என்றால், பிஸ்டன் வேகமாக அடிக்கும்போது எண்ணெயில் நுரை வராமல் இருக்க. நுரை வந்தால் துவாரத்தில் எண்ணெய்க்குப் பதில் குமிழி போகும், தடை குறைந்துவிடும். ராலிக்குப் போடுகிற கனமான ஷாக் போடலாமா என்று ஆசையாகக் கேட்டேன். "நம்ம ரோட்டுக்கு அது வேணாம் டீச்சர். ஸ்பிரிங் கம்பெனி ஸ்பிரிங். அதுக்கேத்த ஷாக் போட்டாத்தான் ரெண்டும் பேசிக்கும்" என்றார். நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுவதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். வில்லின் கடினத்துக்கும் வண்டியின் எடைக்கும் ஏற்ற தடைதான் வேண்டும். தடை அளவுக்கு மீறினாலும் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்காமல் அந்தரத்தில் நிற்கும்.

பொருள் சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு கடை மூலம் வந்தது. பணம் கட்டி 19 நாள் காத்திருந்தேன். பெட்டி வந்ததும் பிரித்துப் பார்த்தால் முன் ஸ்ட்ரட் இரண்டின் மேலும் ஒரே பாக எண். இடதுக்கும் வலதுக்கும் எண் வேறாக இருக்க வேண்டும், ஏனென்றால் பிரேக் குழாயைப் பிடிக்கும் தகடு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பக்கம் இருக்கும். இரண்டும் இடது. போன் செய்தேன். கடைக்காரர் முதலில் மாட்டிப் பாருங்க மேடம், உட்காரும் என்றார். உட்காராது என்று போட்டோ எடுத்து அனுப்பினேன். மறுபடியும் ஒன்பது நாள். நீங்கள் வாங்கும்போது பெட்டியை வாங்கின அன்றைக்கே எண்ணைப் பாருங்கள். வண்டியைக் கழற்றிப் போட்ட பிறகு தெரிந்தால் அது பட்டறையில் அனாதையாக நிற்கும்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் காலை எட்டரைக்கு வண்டியை விட்டேன். பக்கத்தில் நிற்கலாமா என்று கேட்டேன். பெரிய பையன் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். "ஸ்பிரிங் கழட்டும்போது மட்டும் அந்தப் பக்கம் நில்லுங்க டீச்சர்" என்றார் மேஸ்திரி.

முதல் காரியமாக, மட்கார்டு விளிம்பிலிருந்து சக்கரத்தின் நடு வரைக்கும் நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதினார். பிறகு ஸ்ட்ரட்டின் அடியில் இருக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளின் நிலையைக் குறிக்க வெள்ளைப் பெயின்டில் கோடு போட்டார். மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் ஷாக் வெறும் ஷாக் இல்லை. 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து ஃபோர்டின் கான்சல், ஸெஃபிர் வண்டிகளில் ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்க இன்ஜினியரின் இந்த அமைப்பு வந்தபோது அதில் இருந்த கெட்டிக்காரத்தனமே இதுதான். மேல் ஆர்ம் ஒன்றைத் தூக்கிவிட்டு அந்த வேலையையும் ஷாக்கின் உடம்பிலேயே ஏற்றிவிட்டார். சக்கரம் எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்பதை ஸ்ட்ரட்டே தீர்மானிக்கிறது. அதனால்தான் அந்த இரண்டு போல்ட்டைக் கழற்றினால் சக்கரத்தின் சாய்வு மாறும், சக்கரங்களை நேர்ப்படுத்தும் அலைன்மென்ட் கட்டாயம். இடம் மிச்சம், செலவு மிச்சம், ஆனால் ஸ்ட்ரட் தளர்ந்தால் பிரேக், ஸ்டியரிங், டயர் எல்லாம் சேர்ந்து கெடும்.

இடது ஸ்ட்ரட் வெளியே வந்தது. ஸ்பிரிங்கை நசுக்கிப் பிடிக்கும் கம்ப்ரசர் மாட்டி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சமமாகத் திருகினார். நசுக்கி வைத்த ஸ்பிரிங்கில் இருக்கும் ஆற்றல் ஆளைக் கொல்லும். அதை நசுக்காமல் மேல் நட்டைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லித் தலையில் கை வைத்துக்கொண்டார். நட்டு கழன்றது. உள்ளே இருந்தவற்றைத் தினத்தாள் விரித்து வரிசையாக அடுக்கினார். என்னை அழைத்தார்.

இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதுதான் நான் இந்த வேலையில் கற்றது. டஸ்ட் கவர் என்பது ஷாக் தண்டைச் சுற்றி அக்கார்டியன் மாதிரி மடிந்திருக்கும் ரப்பர் உறை. என் வண்டியில் அது இல்லவே இல்லை. 2023-ல் ரீகண்டிஷன் செய்தவர்கள் கிழிந்திருந்ததை எடுத்து எறிந்துவிட்டு, புதிதாகப் போடாமல் பூட்டிவிட்டார்கள். பம்ப் ஸ்டாப், அந்தப் பஞ்சு மாதிரியான மஞ்சள் ரப்பர், கையில் எடுத்ததும் அவல் மாதிரி உதிர்ந்தது. தண்டின் மேல் மேஸ்திரி நகத்தை வைத்து மெதுவாக இழுத்தார். கோடு கோடாக இடறியது. "இங்க பாருங்க. கடற்கரை மணலும் உப்பும் இந்தத் தண்டுல ஒட்டுது. தண்டு உள்ள போகும்போது அது எண்ணெயை அடைக்கிற சீல் ரப்பரை அறுக்குது. சீல் அறுந்தா எண்ணெய் வெளிய வரும். எண்ணெய் போனா ஷாக் அடியில போய் இடிக்கும். இடிக்காம தாங்க வேண்டிய ரப்பரும் இல்ல. எத்தனை ரூபா ஷாக் போட்டாலும் இந்த உறை இல்லன்னா ரெண்டு வருஷம்தான்" என்றார்.

உறை விலை நானூறு ரூபாய்க்குள்தான். அது இல்லாததால் நான் ஆயிரக்கணக்கில் கொடுத்திருக்கிறேன். எனக்கு அந்தப் பழைய கடையின் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. கிழிந்ததை எடுத்தவருக்கு அது கிழிந்திருந்தது தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

மேல் பேரிங்கைத் திருப்பிப் பார்த்தார். குண்டுகள் துருவில் பிடித்துக்கொண்டிருந்தன. ஸ்டியரிங் திருப்பும்போது ஸ்ட்ரட்டோடு ஸ்பிரிங்கும் சேர்ந்து சுழல வேண்டும். பேரிங் பிடித்துக்கொண்டால் ஸ்பிரிங் முறுக்கேறி, தாங்காமல் சட்டென்று விடுபடும். நான் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த "டங்" அதுதான்.

புதிய ஸ்ட்ரட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தார். கட்டியிருந்த பட்டையை வெட்டியதும் தண்டு தானாக மெல்ல மேலே எழுந்தது, வாயு அழுத்தம். நிற்க வைத்தபடியே நான்கைந்து முறை முழுதாக அழுத்தி, முழுதாக எழவிட்டார். பெட்டியில் படுத்தே வந்த ஷாக்கில் வாயு தப்பான இடத்தில் தங்கியிருக்கும், அதை அங்கிருந்து நகர்த்தத்தான். இதை இதற்கு முன்னால் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. மேல் நட்டை இறுக்கும்போது சின்னப் பையன் காற்றழுத்தத்தில் நட்டு முடுக்கும் ஏர் கன்னை எடுத்தான். "டேய், வைடா அதை!" என்று ஒரு சத்தம். கன் வைத்தால் தண்டு உள்ளே சுற்றும், உள்ளே பிஸ்டன் நட்டும் சீலும் கெடும். தண்டின் தலையில் ஆலன் கீ வைத்துப் பிடித்துக்கொண்டு கையாலேயே இறுக்கி, டார்க் ரெஞ்ச் (சரியான அளவு இறுகியதும் சத்தம் தரும் ஸ்பேனர்) போட்டு "க்ளிக்" கேட்ட பிறகுதான் விட்டார். தண்டைக் குறடால் பிடிக்கவே கூடாது என்று பையனுக்குச் சொன்னார். ஒரு கீறல் போதும், அதே கதை திரும்பவும் தொடங்கும்.

மதியம் இரண்டு மணிக்குள் முன்பக்கம் இரண்டும் முடிந்தன. பின்பக்கம்தான் சோதித்தது. வலது பின் ஷாக்கின் கீழ் போல்ட்டு உள்ளே இருக்கும் இரும்புக் குழலோடு சேர்ந்து துருப்பிடித்து ஒன்றாகிவிட்டிருந்தது. பதினேழு வருஷ உப்புக் காற்று. வேறு கடையாக இருந்தால் கேஸ் கட்டிங் வைத்திருப்பார்கள். பக்கத்திலேயே பிரேக் குழாய் போகிறது, நெருப்பு வேண்டாம் என்றார். துரு நீக்கும் எண்ணெயை அடித்துவிட்டு, "ராத்திரி பூரா ஊறட்டும். நாளைக்குத் தானா வரும்" என்று கைகழுவப் போய்விட்டார். நான் ஆட்டோவில் வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை நான் போவதற்குள் போல்ட்டு வெளியே வந்திருந்தது. தானாக வரவில்லை, சம்மட்டியும் நீளக் குழாயும் துணைக்கு வந்திருக்கின்றன என்று பையன் சிரித்தான். ஆனால் மரை கெட்டிருந்தது. அதை மறுபடி போட மேஸ்திரி ஒப்பவில்லை. நேரு வீதிப் பக்கம் ஒரு போல்ட்டுக் கடைக்குப் பையனை அனுப்பினார். தலையில் 10.9 என்று பொறித்த போல்ட்டு வேண்டும், 8.8 கொடுத்தால் திரும்பி வா என்று சொல்லி அனுப்பினார். அந்த எண்ணின் பொருள் என்னவென்று பையனிடம் பிறகு கேட்டேன், தெரியவில்லை. முதல் எண்ணை நூறால் பெருக்கினால் சதுர மில்லிமீட்டருக்கு 1,000 நியூட்டன், அது அறுபடும் இழுவிசை. புள்ளிக்குப் பின் வரும் 9 என்பது அதில் 90 சதவீதம் வரை போனால்தான் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பதைச் சொல்கிறது. பெட்டியின் அட்டையில் எழுதிக் காட்டினேன். அந்த அட்டையைக் கிழித்து டூல் பெட்டியின் மூடியில் ஒட்டிக்கொண்டான்.

இன்னொன்று. பின் ஷாக்கின் கீழ் போல்ட்டை வண்டி லிஃப்டில் தொங்கும்போது முழுதாக இறுக்கவில்லை. கை இறுக்கம் மட்டும் வைத்து, வண்டியைக் கீழே இறக்கி, குழிக்கு மேல் நிறுத்தி, சக்கரத்தில் எடை வந்த பிறகுதான் கடைசி இறுக்கம். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி இறங்கியதும் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும், ஒரு வருஷத்தில் கிழியும். குழிக்குள் இறங்கி, தலைக்கு மேல் கையை உயர்த்தி இறுக்குவது சுலபம் இல்லை. அறுபது வயதில் அவரே இறங்கினார்.

அலைன்மென்ட் அங்கே இல்லை. நூறடி ரோட்டில் தனக்குத் தெரிந்த இடத்துக்கு அவரே என்னோடு வந்தார். கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) எண்கள் இரண்டு பக்கமும் சமமாக வரும் வரை ஸ்ட்ரட் போல்ட்டைத் தளர்த்தி இறுக்கினார்கள். அதற்கு 700 ரூபாய்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முன் ஸ்ட்ரட் இரண்டும் 13,800, பின் ஷாக் இரண்டும் 10,400. டாப் மவுண்டும் பேரிங்கும் 4,200. பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் நான்கு செட் 3,600. லிங்க் ராடு 2,400, போல்ட்டுகள் 380. கூலி 5,000. இரண்டு நாள் வேலைக்கு அது குறைவு என்றே சொல்வேன். வண்டியை விற்றாலே ஒன்றரை லட்சம் தேறாது, அதில் நாற்பதாயிரமா என்று என் தம்பி கேட்டான். இதே ஓட்டத்தைத் தரும் புது வண்டி என்ன விலை என்று அவனிடம் திருப்பிக் கேட்டேன்.

இனி ஓட்டம். சனிக்கிழமை சாயங்காலம் பட்டறையிலிருந்து நேரே வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. காலாப்பட்டு வரை ஈ.சி.ஆரில் போய்த் திரும்பினேன். பத்து வருஷத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து இதே ரோட்டில் இந்த வண்டியை ஓட்டி வந்த நாள் நினைவுக்கு வந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் உடல் முதலில் சாய்ந்து பிறகு யோசித்துத் திரும்பும் அந்தத் தாமதம் போய்விட்டது. பிரேக் பிடித்தால் வண்டி மட்டமாக நிற்கிறது. வளைவின் நடுவில் தார் கிழிந்த இடம் வந்தாலும் பின்பக்கம் இடம் மாறுவதில்லை. சுவரில் எழுதிய அளவோடு ஒப்பிட்டால் முன்பக்கம் 6 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது. ஸ்பிரிங் பழசுதான், வாயு அழுத்தம் தண்டை மேலே தள்ளுவதால் வந்த உயரம்.

குறையும் உண்டு. நகருக்குள் மெதுவாகப் போகும்போது சின்னச் சின்ன மேடு பள்ளங்கள் முன்பைவிடக் கூர்மையாகத் தெரிகின்றன. ஒயிட் டவுன் பக்கம் கல் பாவிய தெருக்களில் அம்மாவை அழைத்துப் போனேன், "பழையபடி தொட்டில் மாதிரி இல்லையே" என்றார். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு இது கொஞ்சம் இளகியது, முழுதாகப் போகவில்லை. மெத்தென்ற சுகம் வேண்டுமென்றால் இந்த ஷாக் உங்களுக்கு இல்லை. மூன்றாம் நாள் முன்னால் வலது பக்கம் "கிடு கிடு" என்று ஒரு சத்தம் வந்தது. நெஞ்சு திக்கென்றது. மேஸ்திரிக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. அவர் பகலில் போன் எடுப்பதே இல்லை, இது எனக்குப் பிடிக்காத விஷயம். மாலையில் நேரே போனேன். லிங்க் ராடு நட்டு ஒன்று முழுதாக இறுகவில்லை. சின்னப் பையன் போட்டது. மேஸ்திரி மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்த ஒன்றோடு விடாமல் எல்லா நட்டுகளிலும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தார், ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டை முதல் நாளே போட்டிருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். ஒத்துக்கொண்டார்.

எழுத்தில் எஸ்டிமேட் கொடுப்பதில்லை, பில் கேட்டால் துண்டுச் சீட்டுதான். கார்டு வாங்க மாட்டார், ஜி-பே பையனின் போனில்தான். உட்கார நல்ல இடம் இல்லை, பெண்களுக்குக் கழிப்பறை வசதி பக்கத்துக் கம்பெனியில் கேட்டுத்தான். இதெல்லாம் அவர் சரி செய்ய வேண்டியவை, அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

புது டயர்களைப் போன மாதம் முன்னால் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஓரத்தைக் கையால் தடவிப் பார்க்கிறேன். இதுவரை ஒரு குழி கூட இல்லை, உள்ளங்கை வழுக்கிக்கொண்டு போகிறது. டஸ்ட் கவர் நான்கும் இடத்தில் இருக்கின்றனவா என்று குனிந்து டார்ச் அடித்துப் பார்ப்பதும் பழக்கமாகிவிட்டது.

போகிறவர்கள் காலை ஒன்பதுக்கு முன்னால் போங்கள், மேஸ்திரி நிதானமாகப் பேசும் நேரம் அது. ஞாயிறு விடுமுறை. பின்பக்கமும் மாற்றுவதாக இருந்தால் இரண்டு நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள், துரு எந்த வண்டியில் எங்கே பிடித்திருக்கும் என்று முன்கூட்டியே தெரியாது. பொருளை நீங்களே வாங்கிப் போனால் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, ஷாக்கில் கட்டியிருக்கும் பட்டையை வெட்டாமல் எடுத்துப்போங்கள். அதை அவர் கையால் வெட்டி, தண்டு எழுவதைப் பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்குவார்.